பூஜ்யம் இல்லாத முகவரி

அத்தியாயம் 6

"இது திருட்டுத்தான். எழுதி வெச்சுக்கோங்க!" என்று மேசையைத் தட்டினார் பிஸ்கட் ஹ்யூகி.

தட்டிய வேகத்தில் ஓட்ஸ் பிஸ்கட் தட்டு துள்ளியது. லாக்கி அதைப் பத்திரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தடயங்களைப் பாதுகாப்பது உதவியாளரின் கடமை அல்லவா?

மக்ரே கோவ் தீயணைப்பு நிலையத்தின் மாடி அது. கீழே ஒரே ஒரு தீயணைப்பு வண்டி. மேலே போக இருபத்திரண்டு படிகள். அந்த மாடியில்தான் ஊர் மன்றம், அதன் சீட்டாட்டம், ஃபிடில் கச்சேரி, நடனம், வம்பு எல்லாம். கேப் பிரெட்டன் தீவில் மார்ச் மாதம் வேறு எங்கும் போக முடியாது. வெளியே கடல் இன்னும் உறைந்துதான் கிடந்தது.

மேசையின் எதிர்ப்பக்கம் மர்டினா பீட்டன் கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர்த் தபால் அலுவலகத்தைக் கட்டி ஆண்டவர். மூன்று வருடம் முன்பு ஓய்வு பெற்றார். அடுத்த வாரமே துப்பறியும் உரிமம் வாங்கிவிட்டார். யாராவது ஆச்சரியப்பட்டால், "வேலை ஒண்ணுதான். முன்னாடி கவரைப் பிரிக்கக் கூடாது, இப்ப பிரிக்கலாம்," என்பார்.

லாக்கிக்கு நாற்பது வயது. நண்டு சீசனில் நண்டுத் தொழிற்சாலை, மற்ற மாதங்களில் மர்டினாவின் ஓட்டுநர், உதவியாளர், வாய்த்துடுக்கு. கடைசி வேலைக்கு யாரும் அவனை நியமிக்கவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லுங்க ஹ்யூகி," என்றார் மர்டினா. "நான் தபால்காரி. கவர், ஸ்டாம்ப், விலாசம். இந்த மூணுல சொன்னாத்தான் எனக்குப் புரியும்."

ஹ்யூகி மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தார். ஊரில் நாலு ஹ்யூகி மக்டொனால்ட் உண்டு என்பதால் ஆளுக்கொரு பட்டம். இவருடைய தாத்தா ஒரே நாளில் ஒரு பெட்டி பிஸ்கட்டைத் தனியாளாகத் தீர்த்தாராம். மூன்று தலைமுறையாகப் பட்டம் உதிரவில்லை.

"இன்டர்நெட்ல குழாய்னு சில இடங்கள் இருக்கு. மணிக்கு ஒரு தடவை போய் 'நான் இயந்திரம் இல்லை'ன்னு நிரூபிச்சா, ஒரு சொட்டு பிட்காயின் விழும். ஒரு சென்ட்கூடத் தேறாது. அந்தச் சொட்டைத் தனித்தனியா எடுத்துட்டுப் போக முடியாது, அனுப்பற கூலியே அதைவிட ஜாஸ்தி. அதனால எல்லாக் குழாய்க்கும் அடியில ஒரு சின்னப் பை வைக்கணும். மைக்ரோவாலட். நாங்க சில்லறைப் பைன்னு சொல்வோம். நாலு வருஷமா பதினோரு பேர் சொட்டுச் சொட்டா அதுல சேர்த்தோம்."

"நீங்களும் இயந்திரம் இல்லைன்னு நிரூபிச்சீங்களா?" என்றான் லாக்கி.

"படத்துல டிராஃபிக் லைட் எங்கேன்னு கேக்குது! இந்த ஊர்ல டிராஃபிக் லைட்டை யாருடா பார்த்தா? பாதி நாள் நான் இயந்திரம்னே முடிவு பண்ணிடுச்சு."

"சேர்த்தது எதுக்கு?" என்றார் மர்டினா.

"மொதல்ல இந்த மாடிக் கூரைக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒடிலுக்கு இடுப்பு உடைஞ்சுது இல்ல? அதுக்கப்புறம் அவங்க இந்தப் படியேறவே இல்லை. ஊர்லயே நல்லா டராபிஷ் சீட்டு ஆடறவங்க. அவங்க இல்லாம இந்த மேசை மேசையாவே இல்லை, மர்டினா." ஹ்யூகியின் குரல் ஒரு கணம் இறங்கியது. "அதனால மாடிப்படிக்கு நாற்காலி லிஃப்ட் போடலாம்னு முடிவு பண்ணினோம். ரகசியமா. தெரிஞ்சா வேண்டாம்னுடுவாங்க. இடுப்பு உடைஞ்சப்போ ஊரே சமைச்சுக் கொடுத்துது, எல்லாப் பாத்திரமும் மூடியைக்கூடத் திறக்காம திரும்பி வந்துச்சு. பிட்காயின் விலை ஏறினதுல இப்ப லிஃப்டுக்குச் சரியா இருக்கு. ஆனா அந்தச் சில்லறைப் பை வெப்சைட் இன்னிக்கு மூணு மணிக்கு மூடறாங்க. எடுக்காததெல்லாம் போச்சு!"

"எடுக்க வேண்டியதுதானே?"

"எடுக்கப் போனா ஒரு கேள்வி கேக்குது. பையை உண்டாக்கினப்போ வெச்ச ரகசியக் கேள்வி. மூணு வாய்ப்புதான். ரெண்டு போயிடுச்சு. பையை உண்டாக்கின ஆளுக்கே பதில் தெரியலை. அப்ப என்ன அர்த்தம்? பணத்தை அமுக்க நடுவுல கேள்வியை மாத்தியிருக்கான்!" என்று ஹ்யூகி மூலையைக் காட்டினார்.

மூலையில் ஃபின்லி மக்லெல்லன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், இறால் படகு ஓட்டியவர். பேச்சு குறைவு. மூக்கு மட்டும் நிறைவு. அவருடைய அப்பா சிவப்பு அலெக்குக்கு இருந்த அதே மூக்கு, ஒரு மில்லிமீட்டர் குறையாமல்.

மர்டினா எழுந்து கணினித் திரையைப் பார்த்தார். லாக்கியும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். கேள்வி ஒரே வரி.

உங்க அப்பா யாரு?

லாக்கி சிரித்துவிட்டான். தீவில் முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் வணக்கத்துக்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. பதில் கிடைத்தால்தான் அந்த ஆளை எந்த வீட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியும்.

"ரெண்டு தடவை என்ன போட்டீங்க?"

"அலெக் மக்லெல்லன்னு போட்டேன். அப்புறம் சிவப்பு அலெக்னு போட்டேன்," என்றார் ஃபின்லி தரையைப் பார்த்து. "ரெண்டும் தப்புங்குது."

"சொந்த அப்பன் பேரே தப்பாம்! நம்பற மாதிரியா இருக்கு?" என்று பாய்ந்தார் ஹ்யூகி.

மர்டினா கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து பணம் போய்ச் சேர வேண்டிய பிட்காயின் முகவரி அதில் பேனாவால் எழுதியிருந்தது. முப்பத்துச் சொச்சம் எழுத்தும் எண்ணும், நாலு நாலாகப் பிரித்து அழகாக. மர்டினா விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"ஃபின்லி, இந்தப் பையை நீங்களே தனியாவா உண்டாக்கினீங்க?"

"நான்தான். தனியா."

"முகவரியை அடிக்கிறப்போ பூஜ்யம் எது, ஓ எழுத்து எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கெல்லாம் கண்ணாடி போட்டாலும் தெரியாது."

"அதை ஏன் கேக்கறீங்க!" ஃபின்லி முதல்முறையாக உற்சாகமானார். "பூஜ்யத்தை ஓன்னு அடிச்சு, ஓவைப் பூஜ்யம்னு அடிச்சு, நாலு தடவை அழிச்சேன். பாதி நாள் போச்சு!"

"பாவம்," என்றார் மர்டினா. "லாக்கி, வண்டியை எடு. ஃபின்லி, நீங்களும் வாங்க. ஹ்யூகி, இந்தக் கணினியை மூட்டை கட்டிக் கொடுங்க."

"எங்கே போறீங்க? மணி ஒண்ணே முக்கால் ஆயிடுச்சு!"

"தபால் பட்டுவாடாவுக்கு."

லாக்கி பிஸ்கட் தட்டையும் தூக்கிக்கொள்ளப் பார்த்தான். ஹ்யூகி விடவில்லை.

*

லாக்கியின் டிரக்கில் ஒரே நீள இருக்கை. நடுவில் ஃபின்லி, மடியில் கணினி. மர்டினா ஜன்னலோரம். மலைச் சரிவில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தது. வண்டி நகர்ந்ததை விட வழுக்கியது அதிகம்.

"ஃபின்லி," என்றார் மர்டினா மென்மையாக. "இந்த வகை முகவரியில பூஜ்யமே கிடையாது. பெரிய ஓவும் கிடையாது. ஜனங்க குழம்புவாங்கன்னு முதல்லயே ரெண்டையும் தூக்கிட்டாங்களாம். சுவர்ல இருந்த சீட்டை ஒவ்வொண்ணா பார்த்தேன். ஒரு பூஜ்யம் இல்லை. நீங்க எதை நாலு தடவை அழிச்சீங்க?"

ஃபின்லியின் மூக்கு சிவந்தது. அப்பாவின் பட்டத்துக்குக் காரணம் லாக்கிக்கு அன்றுதான் புரிந்தது.

"நீங்க அந்தக் கணினியைத் தொடவே இல்லை. சரியா?"

"டீ போட்டுக்கிட்டிருந்தேன்," என்றார் ஃபின்லி, கிட்டத்தட்ட கேட்காத குரலில்.

"யாருக்கு?"

லாக்கி கியரை மாற்றினான். "தலைவரே, எதிர்ல ரெண்டே ரோடு இருக்கு. ஒண்ணு கடலுக்குப் போகுது. எதுன்னு சொன்னா உதவியா இருக்கும்."

"ஒடில் வீட்டுக்கு," என்றார் மர்டினா.

ஃபின்லி கணினியை இறுகப் பிடித்துக்கொண்டார். "எப்படிங்க தெரியும்?"

"சீட்டுல இருக்கற ஏழு எல்லாத்துக்கும் குறுக்கே ஒரு கோடு. இந்த ஊர்ல நாம யாரும் ஏழுக்குக் கோடு போட மாட்டோம். காஸ்பேலேர்ந்து வந்த பிரெஞ்சுக்காரி ஒருத்திதான் போடுவா. அந்தக் கையெழுத்துக்கு நான் முப்பத்தெட்டு வருஷம் முத்திரை குத்தியிருக்கேன். அது போக நாலு நாலாப் பிரிச்சு எழுதறது டெலிபோன் எக்சேஞ்சுல வேலை பார்த்தவங்க பழக்கம்."

லாக்கி விசில் அடித்தான். "அப்ப நாலு வருஷமா இவர் மன்றத்துல விட்ட பீத்தல் எல்லாம்...? 'நானே தனியாளா உண்டாக்கினேன்'னு எனக்கே மூணு தடவை வகுப்பு எடுத்தாரே!"

"முதல் நாள் ஹ்யூகி கை கொடுத்துப் பாராட்டினான்டா. அப்புறம் எப்படி இல்லைங்கறது?" ஃபின்லி பரிதாபமாகச் சொன்னார். "அவங்ககிட்ட கூரைக்குன்னுதான் சொல்லியிருந்தேன். அப்ப அது நிஜம். இப்பப் போய்க் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது."

"வராதுங்கறதை இப்பத்தான் பார்த்தோம்," என்றான் லாக்கி.

"கேள்வி எதுன்னாவது அன்னிக்குச் சொன்னாங்களா?" என்றார் மர்டினா.

"இல்லை. ரகசியக் கேள்வி ஒண்ணு வெச்சிருக்கேன், உங்களுக்குப் பதில் தெரியும்னாங்க. அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரே பதில் எங்கப்பா பேர்."

மர்டினா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். "ஃபின்லி, பிறந்ததுலேர்ந்து யாராவது உங்ககிட்ட 'உங்க அப்பா யாரு'ன்னு கேட்டிருக்காங்களா?"

ஃபின்லி யோசித்தார். மூக்கைத் தடவிக்கொண்டார். "இல்லை."

"யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க மூலை திரும்பறதுக்கு முன்னாடி உங்கப்பா மூக்கு திரும்பிடும். அப்ப அது உங்களைக் கேட்ட கேள்வி இல்லை. நீங்க கேட்ட கேள்வி."

டிரக் நின்றது. ஃபின்லி மட்டும் இறங்கவில்லை. "நான் வண்டியிலயே இருக்கேனே," என்றார். கடலில் நாற்பது வருடம் புயலைப் பார்த்த மனிதர், சமையலறை விளக்கைப் பார்த்துப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

*

மணி இரண்டு முப்பது. எல்லோரையும்போலப் பின்பக்கச் சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனார்கள். ஒடில் அர்செனோ அடுப்பருகே நாற்காலியில் இருந்தார். வயது எழுபத்துநாலு. நடக்க உதவும் சட்டகம் பக்கத்தில், சீட்டுக்கட்டு கையில். தனியாக டராபிஷ் ஆட முடியாது என்பதால் இரண்டு வருடமாகத் தனக்கெதிராகத் தானே ஆடிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருமே ஏமாற்றுவதாகப் போனில் சொல்லிக்கொள்வார்.

"மர்டினா! இப்படிக் கணினியைத் தூக்கிக்கிட்டு வந்தா எனக்குப் பயமா இருக்கு. யாரை அரெஸ்ட் பண்ண?"

"உங்களைத்தான். நாலு வருஷம் முன்னாடி மன்றத்துச் சில்லறைப் பையை உண்டாக்கினது நீங்க."

"ஓ. பூஜ்யத்துல மாட்டிக்கிட்டாரா?" ஒடில் கண்ணைச் சிமிட்டினார். "அடிச்சு முடிச்சப்புறம் சொன்னேன், இதுல பூஜ்யம் இல்லைன்னு. காதுல வாங்கலை. டீ கொதிக்குது டீ கொதிக்குதுன்னு ஓடினார்."

"அதோட ரகசியப் பதில் வேணும். மூணு மணிக்குள்ள. ஒரு வாய்ப்புதான் பாக்கி."

"எதுக்கு?"

லாக்கி தயாராக இருந்தான். வழியிலேயே ஒத்திகை பார்த்த பொய். "கூரைக்கு. பனி தாங்கலை. போன வாரம் ஹ்யூகி தலையிலயே ஒழுகிச்சு."

ஒடில் ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டார். "நல்ல கூரை போல. போன திங்கக்கிழமை நம்ம தீவுச் சிட்னி டவுன்லேர்ந்து ஒரு கம்பெனிக்காரன் போன் பண்ணி, 'அம்மா, உங்க எடை எவ்வளவு?'ன்னு கேட்டான். கூரைக்கு என் எடை எதுக்கு, லாக்கி?"

லாக்கி குனிந்து தன் பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். வாழ்க்கையில் அபூர்வமாக வரும் நிமிடம் அது.

"ரெண்டு வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன்," என்றார் ஒடில். விளையாட்டுக் குரல் போய்விட்டது. "பாத்திரம் பாத்திரமா குழம்பு வந்துது. வாசல்ல வெச்சுட்டு ஓடிடுவாங்க. உக்காந்து ஒரு ஆட்டம் போட யாரும் வரலை. எனக்குக் குழம்பா வேணும்? அதான் திருப்பி அனுப்பினேன். இப்ப லிஃப்டும் அப்படித்தானா? மாட்டிட்டு ஓடிடுவீங்களா?"

மர்டினா தலைகுனிந்தார். அவருடைய பாத்திரமும் அதில் ஒன்று. சுடச்சுட வைத்துவிட்டு, அழைப்பு மணியை அடித்துவிட்டு, வண்டியேறியது லாக்கிக்கும் நினைவு வந்தது. ஓட்டியவனே அவன்தான்.

"தப்புத்தான் ஒடில்," என்றார் மர்டினா.

"பதிலை உங்ககிட்ட சொல்ல மாட்டேன். கேள்வியைக் கேட்டவர் வந்து கேக்கட்டும். வண்டியில தொப்பி தெரியுது."

லாக்கி பின்கதவைத் திறப்பதற்குள் வீட்டின் முன்பக்கம் யாரோ தட்டினார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்கதவைப் பாதிரியார், போலீஸ், சவப்பெட்டி தவிர யாரும் பயன்படுத்துவதில்லை. அதற்குப் படிகூடக் கட்டுவதில்லை.

"யார் செத்தாங்க?" என்றான் லாக்கி.

மணி இரண்டு நாற்பத்திரண்டு. குளிர்காலம் முழுக்கத் திறக்காத கதவைத் தோளால் இடித்துத் திறந்தபோது, இடுப்பளவு பனியில் ஃபின்லி நின்றிருந்தார். தொப்பி கையில். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். அது அப்படியே உறைந்திருந்தது. லாக்கி கை கொடுத்து மேலே இழுத்தான்.

சமையலறை வாசலில் வந்து நின்ற ஃபின்லி நேராக ஒடிலைப் பார்த்தார். "உங்க அப்பா யாரு?" என்றார்.

"நாப்பத்தியொரு வருஷம் ஆச்சு இதைக் கேட்டு," என்றார் ஒடில். "நான் ஊருக்கு வந்த முதல் சனிக்கிழமை. அந்த மாடியில. ஃபிடில் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க. அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

"என்கூட ஒரு டான்ஸ் ஆடுங்க, சொல்றேன்னீங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

ஃபின்லி தொப்பியைப் பிழிந்தார். "முதல்ல உங்களுக்கு டீ கொண்டு வரேன்னு போனேன்."

"வந்துதா?"

"...படி வரைக்கும்தான் போனேன். அப்படியே கீழ இறங்கி வீட்டுக்குப் போயிட்டேன்."

லாக்கி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பால் மட்டும் வந்த தண்ணீர் என்று அவனால் சத்தியம் செய்ய முடியாது.

"இந்த ஊர்ல பாதிப் பேருக்கு எங்கப்பா பேர் தெரியும். வேற யாரையாவது கேட்டிருக்கலாமே?" என்றார் ஒடில்.

"எதுக்கு? நீங்க சொல்றேன்னு சொன்னீங்களே."

அடுப்பில் கெட்டில் முனகத் தொடங்கியது. ஒடில் அதற்குள் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

"தலைவரே, மணி ரெண்டு அம்பத்திமூணு," என்றான் லாக்கி. "பதில் தெரிஞ்சுபோச்சு. 'ஆடினா சொல்றேன்'. அடிக்கட்டுமா?"

மர்டினா தலையசைத்தார். லாக்கியின் விரல் முதல் எழுத்துக்குப் போனது. ஒடில் சீட்டுக்கட்டால் பட்டென்று அவன் கையில் ஒன்று வைத்தார்.

"அது நான் சொன்ன பதில். பையில எழுதினது வேற. இங்க தள்ளு."

கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எக்சேஞ்சில் பழகிய விரல்களால் இரண்டே வார்த்தை தட்டினார். லாக்கி எட்டிப் பார்த்தான்.

டீ எங்கே?

திரை ஒரு கணம் வெளுத்தது. மர்டினா லாக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பச்சை எழுத்து வந்தது. நாலு வருடச் சொட்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து அந்தச் சுவர்ச் சீட்டின் முகவரிக்குக் கிளம்பிவிட்டன. மணி இரண்டு ஐம்பத்தாறு.

யாரும் கைதட்டவில்லை. ஃபின்லி அடுப்பருகே போயிருந்தார். கெட்டிலைத் தூக்கினார், கோப்பையை எடுத்தார், ஊற்றினார், பால் விட்டார். பாதி டீ தட்டில்தான் இருந்தது. ஆனால் இந்த முறை அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்து ஒடில் முன்னால் வைத்தார்.

ஒடில் ஒரு வாய் குடித்தார். "ஆறிப் போயிருக்கும்னு நினைச்சேன்," என்றார். பிறகு சட்டகத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

ஃபிடில் இல்லை. லாக்கி தன் பூட்ஸால் தரையில் தாளம் போட்டான். இரண்டு அடி இந்தப் பக்கம், இரண்டு அடி அந்தப் பக்கம், அவ்வளவுதான் நடனம். இடுப்பு அதற்கு மேல் அனுமதிக்கவில்லை. நாலாவது அடியில் ஒடில் ஃபின்லியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ஃபின்லியின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அந்த மூக்கே சிறியதாகத் தெரிந்தது.

பின்கதவை மெல்லச் சாத்திக்கொண்டு மர்டினாவும் லாக்கியும் வெளியே வந்தார்கள். டிரக்கைக் கிளப்பியதும் லாக்கியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தலைவரே, எனக்கு அது தெரியவே தெரியாது. அவங்க அப்பா யாரு?"

மர்டினா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார். "அவங்க அந்தப் பேருக்கு எழுதின கவருக்கெல்லாம் நான்தான் முத்திரை குத்தினேன். சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"வண்டியைத் திருப்பு. ஹ்யூகியைக் கூட்டிக்கிட்டு வரணும். ஒரு மேசை டராபிஷுக்கு நாலு பேர் வேணும், உள்ள ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"நாம ரெண்டு பேர் இருக்கோமே?"

மர்டினா ஒரு கணம் யோசித்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

"இன்ஜினை அணைச்சுட்டு வா. உள்ள போறதுக்கு முன்னாடி கதவைத் தட்டு. கொஞ்சம் சத்தமாவே தட்டு."